இசை கேள்வி – பதில்: அந்தக் கறுப்பு ஊர்வலத்தை மறுபடி கேட்கலாமா?

பதின்பருவத்தில் உயிராக நினைத்த ஒரு ஆல்பத்தை இப்போது முழுசாகக் கேட்டுப் பார்த்ததுண்டா என்று போன இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பல ஒரே ஆல்பத்தைப் பற்றி இருந்ததால் இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே.

கே: 2007இல் நான் காலேஜ் முதல் வருடம். மை கெமிக்கல் ரொமான்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் ‘த பிளாக் பரேட்’ (2006) ஆல்பம்தான் எனக்கு எல்லாமே. ஹாஸ்டலில் ஒருத்தன் பென் டிரைவில் கொடுத்தது. கறுப்பு டிஷர்ட், ஒரு கண்ணை மறைக்கிற முடி, எல்லாம் உண்டு. இப்போது வேலை, குழந்தை, வீட்டுக் கடன். மறுபடி கேட்க ஆசையாக இருக்கிறது. ஆனால் ‘இதற்கா இப்படி உருகினோம்’ என்று ஆகிவிடுமோ என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறேன். கேட்கலாமா சார்?
– வாசகர், திருச்சி

ப: தாராளமாகக் கேளுங்கள். நானும் சமீபத்தில்தான் கேட்டேன், உங்களுக்கு இருக்கிற அதே தயக்கத்தோடு. ஒரே ஒரு நிபந்தனை: ஷஃபிளில் போடாதீர்கள், பிடித்த நாலு பாட்டை மட்டும் பொறுக்காதீர்கள், முதல் பாட்டிலிருந்து கடைசி வரை ஒரே உட்காரலில் கேளுங்கள். மொத்தமே 52 நிமிடத்துக்குள்தான்.

முதலில் என்னைத் தூக்கிவாரிப் போட்டது எது தெரியுமா, இது எவ்வளவு சிரிப்பான ஆல்பம் என்பதுதான். பதினேழு வயதில் இதை நாம் யாரும் கவனிக்கவே இல்லை, அப்போது நாம் அவ்வளவு சீரியஸான ஆட்கள். ‘தி எண்ட்’ ஆஸ்பத்திரி மானிட்டரின் பீப் சத்தத்தோடு தொடங்கி, ஒரு கிடாரும் குரலுமாக மெல்ல ஏறி, மூச்சு விட இடமில்லாமல் நேராக ‘டெட்!’டுக்குள் போய் விழுகிறது. அங்கே என்ன நடக்கிறது? ஒருத்தனிடம் ‘நீ செத்துட்டே, தெரியுமா?’ என்று கேட்கிறார்கள், அதுவும் துள்ளலான மெட்டில், கடைசியில் லா லா லா வேறு. நாம் அதைக் கதவைச் சாத்திக்கொண்டு முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு கேட்டோம். அது ஒரு டிராமா கம்பெனி மேடையேறிப் போடுகிற கூத்து என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. பாடகர் ஜெரார்டு வே அந்த ஆல்பத்துக்காகவே முடியை ஒட்ட வெட்டி வெள்ளையாக்கிக்கொண்டார், குழு மொத்தமும் கறுப்பு பேண்டு வாத்திய உடுப்பு போட்டது, உடுப்பை வடிவமைத்தவர் ஹாலிவுட்டின் காலீன் அட்வுட். இத்தனை வேஷம் கட்டியவர்கள் ரசிகன் கொஞ்சம் சிரிக்க வேண்டும் என்று எதிர்பார்க்காமலா இருந்திருப்பார்கள்?

அடுத்தது ‘கேன்சர்’. இரண்டரை நிமிடம்கூட வராத பாட்டு, பெரும்பாலும் பியானோவும் குரலும்தான். அந்த வயதில் கட்டிலில் படுத்திருப்பது நான்தான் என்று நினைத்துக்கொண்டு கேட்டேன், ஒரு காய்ச்சல்கூட இல்லாமல். இப்போது கேட்டால் கட்டிலில் நான் இல்லை, பக்கத்து ஸ்டூலில் அட்டெண்டராக உட்கார்ந்திருக்கிறேன். வீட்டில் யாருக்காவது கீமோ கொடுத்து வார்டில் ராத்திரி தங்கியிருந்தவர்களுக்கு, அந்தப் பாட்டில் அவன் உதடு காய்ந்து தண்ணீர் கேட்கிற இடம் வேறு மாதிரி கேட்கும். உங்களுக்கு அந்த அனுபவம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது, இருந்தால் அந்தப் பாட்டுக்கு மட்டும் கொஞ்சம் தயாராக இருங்கள்.

பென் டிரைவ் காலத்து எம்பி3யில் நமக்குக் கிடைக்காத இன்னொன்று, குழுவின் கிடாரிஸ்ட் ரே டோரோவின் கிடார். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, குயின் குழுவின் பிரையன் மே பாணியில் பாட வைத்திருக்கிறார். நல்ல ஹெட்போனில் கேட்டால் ‘வெல்கம் டு த பிளாக் பரேட்’டின் பின்பாதியில் எத்தனை அடுக்கு இருக்கிறது என்று புரியும்.

எல்லாமே தாங்கி நிற்கிறது என்றும் சொல்ல மாட்டேன். ‘ஹவுஸ் ஆஃப் உல்வ்ஸ்’ இப்போது எனக்கு வெறும் ஓட்டமாகப்படுகிறது. ‘ஐ டோன்ட் லவ் யூ’ அன்று எத்தனை பேரின் காதல் தோல்விக்குத் தேசிய கீதமாக இருந்ததோ, இன்று சர்க்கரை ஒரு பிடி அதிகம். அதற்கு நேரெதிராக, அன்று நான் தாண்டிப் போன ‘ஸ்லீப்’தான் இப்போது ஆல்பத்திலேயே எனக்குப் பிடித்தது. வயதானால் தூக்கத்தின் அருமை தெரியும் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்!

கே: இதைக் ‘கான்செப்ட் ஆல்பம்’ என்கிறார்கள். அப்போதும் சரி, இப்போதும் சரி, எனக்குக் கதை ஒன்றும் விளங்கவில்லை. உண்மையிலேயே கதை இருக்கிறதா?
– வாசகி, மதுரை

ப: இருக்கிறது, ஆனால் நீங்கள் நினைக்கிற அளவு இல்லை. ‘நோயாளி’ என்று மட்டும் அழைக்கப்படுகிற ஒருவன், புற்றுநோயில் சாகக் கிடக்கிறான். சாவு வரும்போது அவரவருக்கு மிகப் பிடித்த ஒரு நினைவின் உருவத்தில்தான் வரும் என்பது ஜெரார்டு வேயின் கற்பனை. இவனுக்குப் பிடித்த நினைவு, சின்ன வயதில் அப்பா நகரத்துக்குக் கூட்டிப் போய்க் காட்டிய பேண்டு ஊர்வலம். அதனால் சாவு இவனைக் கூட்டிப்போக ஒரு கறுப்பு ஊர்வலமாகவே வருகிறது. அந்த இடம்தான் ‘வெல்கம் டு த பிளாக் பரேட்’. பியானோவில் ஒற்றை ஸ்வரம் விழுந்ததுமே உலகம் முழுக்க முப்பது தாண்டியவர்கள் இன்று நிமிர்ந்து உட்காருகிறார்களே, அந்தப் பாட்டு.

சரி, அதற்கப்புறம்? ஐந்தாவது பாட்டோடு கதை கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. பிறகு வருவதெல்லாம் துண்டுத் துண்டு: ஒரு காதல் முறிவு, ஆஸ்பத்திரிக் கட்டில், போர்முனையிலிருந்து அம்மாவுக்குக் கடிதம் எழுதுகிற சிப்பாய், அப்புறம் திடீரென்று ‘டீனேஜர்ஸ்’. இந்தப் பாட்டுக்கும் நோயாளிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. நியூயார்க் சப்வேயில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டு, ‘நான் இவர்களைப் பார்த்துப் பயப்படுகிறேனே, அவ்வளவு வயதாகிவிட்டதா’ என்று ஜெரார்டுக்குத் தோன்றியதில் பிறந்த பாட்டு அது. அப்போது அவருக்கு முப்பதுகூட ஆகவில்லை. இன்று நாம் அந்தப் பாட்டில் யார் பக்கம் இருக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள், கொஞ்சம் வலிக்கும்.

என் கட்சி என்னவென்றால், கதை இப்படி ஓட்டையும் உடைசலுமாக இருப்பதால்தான் இந்த ஆல்பம் பிழைத்தது. முழுக்கத் திட்டம் போட்டு, பாத்திரத்துக்குப் பெயர், ஊர், முடிவு என்று எல்லாம் கச்சிதமாகச் செய்த கான்செப்ட் ஆல்பங்கள் எத்தனையோ உண்டு, ஒருமுறை கதை தெரிந்ததும் அலமாரிக்குப் போய்விடும். இதில் நோயாளிக்குப் பெயர் இல்லை, வயது இல்லை, கடைசியில் செத்தானா பிழைத்தானா என்பதுகூடத் தீர்மானமாக இல்லை. அந்தக் காலியிடத்தில் பதினேழு வயதுக்காரனும் போய்ப் படுக்கலாம், நாற்பது வயதுக்காரியும் தன் அப்பாவைப் படுக்கவைத்துப் பார்க்கலாம்.

கே: சாவைப் போய் ஊர்வலம், பேண்டு, கொண்டாட்டம் என்று பாடுவது வெள்ளைக்காரன் கிறுக்குத்தனம் இல்லையா?
– வாசகர், தஞ்சாவூர்

ப: நம் ஊரில் பெரியவர்கள் தவறினால் பறை அடித்து, ஆடி, வழியெல்லாம் பூ இறைத்து, வெடி போட்டுத்தானே எடுத்துப் போகிறார்கள்? தஞ்சாவூர்க்காரர் நீங்களே இப்படிக் கேட்கலாமா!

கே: என் மகளுக்கு பதினைந்து வயது. யூடியூபில் இந்தக் குழுவைக் கண்டுபிடித்து ஒரு மாதமாக இதே பாட்டுகள்தான். ஒரே சாவு, ரத்தம், எலும்புக்கூடு. கதவைச் சாத்திக்கொள்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. இது பிள்ளைகளைக் கெடுக்குமா?
– ஒரு அம்மா, சேலம்

ப: அம்மா, உங்கள் பயம் புதிதல்ல. 2008இல் பிரிட்டனில் ஒரு சிறுமி தற்கொலை செய்துகொண்டபோது, டெய்லி மெயில் உட்படச் சில பத்திரிகைகள் இந்தக் குழுவின் இசையை அதோடு முடிச்சுப்போட்டு எழுதின. அந்த ஆண்டு மே மாதக் கடைசியில் லண்டனில் அந்தப் பத்திரிகை அலுவலகத்துக்கு வெளியே ரசிகர்கள், பெரும்பாலும் உங்கள் மகள் வயதுப் பிள்ளைகள், கூடிப் போராட்டமே நடத்தினார்கள். இந்தப் பாட்டு எங்களைச் சாகச் சொல்லவில்லை, இதை வைத்துத்தான் நாங்கள் சமாளிக்கிறோம் என்பதுதான் அவர்கள் சொன்னதன் சாரம்.

நான் அந்தப் பிள்ளைகள் பக்கம். ஆல்பத்தின் கடைசிப் பாட்டு ‘ஃபேமஸ் லாஸ்ட் வேர்ட்ஸ்’. ஆல்பம் உருவாகும்போது பாஸ் கிடார் வாசிக்கிற மைக்கி வே, பாடகரின் தம்பி, கடுமையான மனச்சோர்வில் விழுந்து, குழுவை விட்டுச் சில காலம் விலகிப்போய் சிகிச்சை எடுத்தார். தம்பியை அந்த நிலையில் பார்த்த வேதனையில் எழுதிய பாட்டு அது, உயிரோடு இருக்கப் பயமில்லை என்றுதான் அது அடித்துச் சொல்கிறது. சாவிலேயே தொடங்கி இங்கே வந்து முடிகிற ஆல்பத்தை, அட்டையில் எலும்புக்கூட்டைப் பார்த்துவிட்டு ‘சாவுப் பாட்டு’ என்று ஒதுக்குவது நியாயமில்லை.

ஆனால் பாட்டை விட்டுவிட்டுப் பிள்ளையைப் பாருங்கள். கதவைச் சாத்துவது அந்த வயது. சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா, தோழிகளோடு பேச்சு இருக்கிறதா, பிடித்த விஷயங்கள் எதுவுமே வேண்டாம் என்கிறாளா, தன்னைக் காயப்படுத்திக்கொள்கிறாளா, சாக வேண்டும் என்ற மாதிரிப் பேசுகிறாளா, இவைதான் கவனிக்க வேண்டியவை. சந்தேகம் இருந்தால் நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. மனநல மருத்துவரிடம் கூட்டிப்போவதில் தவறே இல்லை. மத்திய அரசின் டெலி மானஸ் 14416 எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. அப்படி ஒன்றும் இல்லை என்றால், ஒரு நாள் ‘அந்த ஊர்வலப் பாட்டைப் போடு, நானும் கேட்கிறேன்’ என்று பக்கத்தில் போய் உட்காருங்கள். முதலில் முறைப்பாள். இரண்டாவது பாட்டுக்குள் அவளே விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடுவாள், பிறகு உங்களால் நிறுத்த முடியாது.

கே: ‘எமோ’ என்றால் முடியை முன்னால் விட்டுக்கொண்டு அழுவதுதானே?
– வாசகர், ஈரோடு

ப: நம்மிடம் வந்து சேர்ந்தபோது அப்படித்தான் வந்தது! வேர் வேறு. 1980களின் நடுவில் வாஷிங்டன் டி.சி.யில் ஹார்ட்கோர் பங்க் குழுக்கள் வெறும் ஆத்திரமாகக் கத்திக்கொண்டிருந்த காலத்தில், ரைட்ஸ் ஆஃப் ஸ்ப்ரிங், எம்பிரேஸ் மாதிரிக் குழுக்கள் அதே வேகத்தில் சொந்த மனவலியைப் பாட ஆரம்பித்தன. ‘எமோஷனல் ஹார்ட்கோர்’ என்று யாரோ பெயர் வைத்தார்கள், அந்தக் குழுக்களுக்கே அது பிடிக்கவில்லை. 90களில் அது அமெரிக்காவின் நடுப்பகுதி ஊர்களுக்குப் பரவி இன்னும் மென்மையாகி, 2000க்குப் பிறகு எம்டிவியில் ஏறி, ஐலைனரும் இறுக்க ஜீன்ஸுமாக உலகம் சுற்றியது. மெக்சிகோவில் 2008இல் எமோ பிள்ளைகளைத் தேடித் தேடி அடிக்கிற அளவுக்கு வெறுப்பும் கிளம்பியது. இதில் வேடிக்கை, ஜெரார்டு வேயே தன் குழுவை எமோ என்று சொல்வதை ஒப்புக்கொண்டதில்லை. அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் என்ன, அந்தச் சொல்லைக் கேட்டால் முதலில் ஞாபகம் வருவது அவர் முகம்தான்.

கே: பேய் பங்களாவில் உட்கார்ந்து இந்தப் பாட்டுகளைச் செய்தார்கள் என்பது உண்மையா, விளம்பரமா?
– வாசகர், நாகர்கோவில்

ப: பங்களா உண்மை. லாஸ் ஏஞ்சலிஸில் சில்வர் லேக் பகுதியில் ‘பாராமர்’ என்ற பழைய மாளிகை, 1920களில் மௌனப்பட நடிகர் அன்டோனியோ மொரேனோவுக்காகக் கட்டியது. பேய் இருக்கிறதா என்பதை நான் எப்படிச் சொல்வது? ஆனால் அந்த வீட்டில் தங்கிப் பாட்டு எழுதிய நாட்களில் எல்லோருக்கும் மனசு கனத்துப்போனது உண்மை, மைக்கி வே வெளியேறியதும் அங்கிருந்துதான். ஜெரார்டுக்கு ராத்திரியில் தூக்கத்திலேயே பயம் வந்து அலறுகிற நிலை. அதை அவரே விவரித்துப் பதிவு செய்த குரல்தான் ‘ஸ்லீப்’ பாட்டின் தொடக்கத்தில் கரகரவென்று கேட்பது. நாம் அதை ஏதோ சினிமா வசனம் என்று நினைத்திருந்தோம்.

ஆல்பம் முடிந்த பிறகும் கஷ்டம் விடவில்லை. ‘ஃபேமஸ் லாஸ்ட் வேர்ட்ஸ்’ வீடியோ எடுக்கும்போது ஜெரார்டுக்குக் கணுக்காலில் அடி, டிரம்ஸ் வாசித்த பாப் பிரையருக்கு நெருப்புக்குப் பக்கத்தில் வாசித்ததில் காலில் தீக்காயம், அது சீழ் வைக்கிற அளவுக்குப் போனது. இயக்குநர் சாமுவேல் பேயர், 1991இல் நிர்வானா என்ற ராக் குழுவின் புகழ்பெற்ற அந்தப் பள்ளிக்கூட வீடியோவை எடுத்தவர்.

கே: நான் 70களின் ராக் கேட்டு வளர்ந்தவன். குயின், பிங்க் ஃப்ளாய்டு, போவி, மூன்றையும் மிக்ஸியில் போட்டு அரைத்ததுதான் இது என்பேன். மறுப்பீர்களா?
– ஒரு பழைய ரசிகர், சென்னை

ப: மறுக்கமாட்டேன் ஐயா, அவர்களே மறுக்கவில்லை. ‘தி எண்ட்’டைக் கேட்கும்போது டேவிட் போவியின் 1972 ஆல்பத்தின் முதல் பாட்டு உங்களுக்கு ஞாபகம் வந்தே தீரும். தயாரிப்பாளர் ராப் கவால்லோ, இந்த ஆல்பத்துக்கு இரண்டு வருடம் முன்னால்தான் கிரீன் டே குழுவுக்கு ‘அமெரிக்கன் இடியட்’ என்ற இன்னொரு கதை ஆல்பத்தைச் செய்து கொடுத்திருந்தார். அதனால் துணிச்சலும் பணமும் இருந்தன. ஆனால் ‘மாமா’ (Mama, அதாவது அம்மா) பாட்டைக் கேட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள். போல்கா மாதிரி ஒரு குதியாட்டம், குண்டு விழுகிற சத்தம், நடுவில் ஒரு அம்மாவின் குரல். அந்தக் குரல் யாருடையது என்று நினைக்கிறீர்கள்? ‘காபரே’ படத்துக்காக ஆஸ்கர் வாங்கிய லைசா மின்னெலி! நியூ ஜெர்சியில் தொடங்கிய குழுவின் பையன்கள் ஐந்து பேர் பங்க் பாட்டுக்கு அவரைக் கூப்பிட்டால் வருவாரா என்று கேட்டுப் பார்த்திருக்கிறார்கள், வந்துவிட்டார். இராக் போர் நடந்துகொண்டிருந்த 2006இல் சிப்பாயும் அம்மாவும் பேசிக்கொள்கிற பாட்டு அது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இது வெறும் அரைத்த மாவு இல்லை.

கே: குழு இப்போது இருக்கிறதா?
– வாசகி, புதுச்சேரி

ப: 2013 மார்ச்சில் கலைந்தார்கள். 2019 அக்டோபர் 31 அன்று, சரியாக ஹாலோவீன் நாளில், திரும்பி வருவதாக அறிவித்து அந்த டிசம்பரில் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு கச்சேரி செய்தார்கள். பெரிய சுற்றுப்பயணம் கிளம்பும் நேரத்தில் கொரோனா வந்துவிட்டது, 2022இல்தான் போக முடிந்தது. 2024 அக்டோபரில் லாஸ் வேகாஸ் விழாவில் ‘த பிளாக் பரேட்’டை முழுசாக வாசித்தார்கள். அடுத்த மாதமே, இந்த ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்த பாப் பிரையர் இறந்துபோன செய்தி வந்தது. அவர் குழுவை விட்டு 2010லேயே விலகியிருந்தார். 2025இல் அமெரிக்க ஸ்டேடியங்களில் மறுபடி முழு ஆல்பம், இந்த முறை ‘ட்ராக்’ என்ற கற்பனைச் சர்வாதிகார நாட்டுக்காக வாசிக்கிற குழுவாக வேஷம் மாற்றி.

வேஷம் அவர்களுக்குப் புதிதில்லை. 2006 ஆகஸ்டில் லண்டன் ஹேமர்ஸ்மித் பாலே அரங்கில், ‘மை கெமிக்கல் ரொமான்ஸ் இன்று வர முடியவில்லை, பதிலாக பிளாக் பரேட் என்ற குழு வாசிக்கும்’ என்று அறிவித்தார்கள். கூட்டம் கடுப்பானது, பிறகு கறுப்பு உடுப்பில் வந்து நின்றது அவர்களேதான்.

கே: என் கணவர் இளையராஜாவைத் தவிர எதையும் கேட்கமாட்டார். அவருக்கு இந்த ஆல்பத்திலிருந்து ஒரே ஒரு பாட்டு போடலாம் என்றால் எது?
– வாசகி, கோவை

ப: ‘வெல்கம் டு த பிளாக் பரேட்’தான், வேறு வழியில்லை. ஐந்து நிமிடச் சொச்சத்தில் பியானோ, அணிவகுப்பு டிரம், திடீர் வேகம், கோரஸ் என்று நாலு பாட்டுக்கான சரக்கு இருக்கிறது, ராஜா ரசிகருக்கு அந்த மாற்றங்கள் பிடிக்கும். அவருக்குப் பிடித்துப்போனால் 2016இல் வந்த பத்தாம் ஆண்டு பதிப்பைத் தேடுங்கள், அதில் ‘த ஃபைவ் ஆஃப் அஸ் ஆர் டையிங்’ என்ற பெயரில் இதே பாட்டின் ஆரம்பகால வடிவம் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டால் ஒரு பாட்டு எப்படித் தேறியது என்பதை அவரே உங்களுக்கு அரைமணி நேரம் விளக்குவார். பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள், ஹெட்போன் எதற்கு இருக்கிறது?